எலிக்கு ஒரு கை சோறு

மோசஸைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஆள் தெரியாமல் கேட்கிறார்கள். அவனும் நானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். சமையலறைச் சுவருக்கு உள்ளே நான், வெளியே அவன். அப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. "எங்கம்மா கோவத்துக்கு பென்ஷன் குடுத்துத்தான் அனுப்பணும்" என்று என் மகள் மமதா சொல்லுவாள். சொல்லட்டும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன். பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

நாங்கள் வேலை பார்த்தது இசபெல்லா அம்மாவின் பங்களாவில். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி, பூதிகோட்டைப் பக்கம் போகிற ரோட்டில் நடந்தால் வேப்பமரங்களுக்கு நடுவே சிவப்பு ஓடு தெரியும். ஒரு காலத்தில் வெள்ளைக்கார ஆபீசர் குடியிருந்த வீடு. அவர்கள் போகும்போது இசபெல்லா அம்மாவின் மாமனார் வாங்கிப் போட்டார். புருஷன் காலமான பிறகு அந்த அம்மா அறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிற விடுதியாக்கினார். அங்கே சமையல் என் கையில்.

மாசி பிறந்தால் பெங்களூர்க்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். இங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது என்று வருகிறார்கள் என எனக்கு முதலில் விளங்கவில்லை. எதிரே பார்த்தால், தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய மண் மலையாகக் குவிந்த சைனைட் மேடு. காற்றடித்தால் அந்தப் புழுதி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் அது வேறு இடம். புங்கமரம் தரை தெரியாமல் பூவைக் கொட்டியிருக்கும். மரம் முழுக்கத் தேனீ இரையும். கொண்டை வைத்த கொண்டலாத்தி புல்தரையில் நாலு நடை நடந்து மண்ணைக் குத்தும், மறுபடி நாலு நடை நடக்கும். மாமரத்தில் குயில் கத்தினால் சமையலறையில் எனக்குக் காது வலிக்கும். வராந்தாவில் பல்பு தொங்குகிற ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டி, இருக்கிற நூல், நார், குப்பை எல்லாவற்றையும் அதில் சேர்த்திருக்கும். அந்தக் கூட்டில் குஞ்சு இருக்கிற வரைக்கும் அந்த பல்பை யாரும் போடக் கூடாது. அது மோசஸ் வைத்த சட்டம்.

தோட்டத்தை அப்படி ஆக்கினது மோசஸ்தான். அதை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அவன் வருவதற்கு முன்னால் அங்கே காய்ந்த புல்லும் காகிதப்பூக் கொடியும்தான்.

அவன் தோட்டக்காரனாகப் பிறந்தவன் இல்லை. தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறையில் துளை போடுகிற வேலை. அவனுக்கு ஜோடி என் வீட்டுக்காரர். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். போய்ச் சேர்ந்தவர் பேரைச் சொன்னால் இனிமேல் என்ன வந்துவிடப் போகிறது? நாகேஷ். இரண்டு பேரும் ஒரே ஷிப்ட், ஒரே லெவல், ஒரே கேஜ் கூண்டில் இறங்கி ஒரே கேஜில் ஏறுவார்கள். மோசஸ் வேதக்காரன், நாங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அதெல்லாம் மேலே இருக்கிறவர்களுக்கு. கீழே போனால் எல்லோருக்கும் தலையில் ஒரே விளக்குதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். என்னை அண்ணி என்பான். கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிற ஆள்.

என் வீட்டுக்காரர் எதையும் நிதானமாகச் செய்வார். வீடே தீப்பிடித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று நான் ஏசுவேன். அவருடைய டிபன் டப்பா என் அம்மா சீராகக் கொடுத்தது, பித்தளை. சாப்பிட்ட பிறகு அதைத் துடைத்து, மூடி, கொக்கியை மாட்டினால்தான் அவருக்கு அடுத்த வேலை.

சுரங்கத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. டப்பாவில் கடைசி ஒரு கை சோறு எலிக்கு. பாறைச் சந்துகளில் குடித்தனம் நடத்துகிற எலிகள் அவை. ஆழத்தில் சில நேரம் பாறை தானாக நெரிந்து வெடிக்கும், பர்ஸ்ட் என்போம். மேலே எங்கள் வீடுகளில்கூடப் பாத்திரம் உருளும், சுவர் விரியும். அது வருவது மனுஷனுக்கு முன்னால் எலிக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். புதிதாக வந்தவன் எவனாவது எலியை அடித்தால் அவனுக்கு அங்கேயே முதுகில் விழும். "எலி ஓடுனா நீயும் ஓடு, எதுக்குன்னு கேட்டுக்கினு நிக்காத" என்பது வேலைக்குச் சேருகிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எலி ஓடியது. மோசஸ் ஓடினான். பிழைத்து மேலே வந்தான். என் வீட்டுக்காரரைப் பாறையை அகற்றித்தான் எடுத்தார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மோசஸ் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தன் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்றார்கள் சிலர். சொன்னானாம், இவர்தான் கேட்கவில்லையாம் என்றார்கள் வேறு சிலர். விசாரணையில் கேட்டதற்கு அவன் "எலி ஓடுச்சு, நான் ஓடுனேன்" என்றானாம். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. சாவுக்கு வந்தவன் வாசலுக்கு வராமல் தெருமுனையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றான்.

நான் அவனைக் கேட்டிருக்கலாம். அவரைக் கூப்பிட்டாயா இல்லையா? அந்த ஒரு கேள்விதான். ஆனால் கூப்பிடவில்லை என்று அவன் சொன்னால் பிறகு அவனை நான் என்ன செய்வது? கூப்பிட்டேன் என்றால் நான் நம்பவா போகிறேன்? கேட்காமலேயே அவனை வெறுத்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு எனக்கு இசபெல்லா அம்மா வீட்டில் வேலை கிடைத்தது. மோசஸுக்கு நெஞ்சு கெட்டுப்போனது. கல்தூசி உள்ளே போய்ப் படிந்துவிட்டால் எந்த மருந்துக்கும் கரையாது. நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறவனுக்கு யார் வேலை தருவார்கள்? வீட்டில் மனைவி புஷ்பவல்லி, படிக்கிற பெண் ஒன்று. இசபெல்லா அம்மா இரக்கப்பட்டு, தண்ணீர் ஊற்றுகிற வேலைதானே என்று அவனைத் தோட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டார்.

நான் நேரே போய், "அவன் வந்தா நான் போயிடுவேன்" என்றேன்.

"போய் இன்னா பண்ணுவே தங்கம்மா?" என்றார் அவர், ஜபமாலையை உருட்டிக்கொண்டே.

 பிள்ளைகள் இருக்கிறார்களே. இருந்தேன். அவனுக்கு டீயை மட்டும் பின்வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அந்த டம்ளர்தான்.

தோட்டத்தில் அவனுக்கு ஒரே ஒரு சங்கடம் பெருச்சாளி. கல்வாழைக் கிழங்கைத் தோண்டும், புல்தரையில் மண்ணைக் குவிக்கும். விருந்தாளிகள் நடக்கும்போது கால் உள்ளே போகும். இசபெல்லா அம்மா மருந்து வைக்கச் சொன்னார். மோசஸ் மாட்டேன் என்றுவிட்டான். "நீ எலிக்கு சோறு போட்ட ஆளு, இது பெருச்சாளி, தெரியுதா?" என்று அவர் சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. "ஒரே சாதிதாம்மா" என்றான் அவன். தினமும் தன் மதியச் சோற்றில் ஒரு கையை எடுத்து, பூப்பாத்திகளை விட்டு எட்டத்தில் இருக்கிற புங்கமரத்தடி வளைக்குப் பக்கத்தில் ஒரு இலையில் வைப்பான். அங்கே தின்றால் இங்கே தோண்டாதாம். பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் பார்த்துக்கொள்கிறானாம். கொஞ்சம் குறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முழுக்க நிற்கவில்லை. பெங்களூர் அம்மாள் ஒருத்திக்குக் கால் பிசகியபோது இசபெல்லா அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ விருந்தாளிங்க யாராவது உன்ன பத்தி கம்ப்ளைன்ட் சொன்னா, நீ வேற வேல பாத்துக்கோ மோசஸ்."

வேறு வேலை எங்கே இருக்கிறது? மண்வெட்டியைப் பிடித்தபடி அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. படட்டும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த உகாதிக்கு எல்லா அறையும் நிறைந்திருந்தது. விடிந்ததிலிருந்து வேப்பம்பூவைப் பொறுக்கிப் பச்சடி செய்து, பூரணம் வைத்து ஒப்பட்டு தட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் ஏறிவிட்டது. குயில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. மைனாக்கள் கூச்சல் போட்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டப்பகலில் புங்கமரத்தடி வளையிலிருந்து பெருச்சாளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புல்தரையின் குறுக்கே ஓடின. குட்டிகளும் ஓடின. இருட்டினால்தான் தலை காட்டுகிற ஜந்துக்கள் அவை.

மோசஸ் தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டான். பங்களா இருக்கிற தரைக்கு அடியிலும் தோண்டின சுரங்கம்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் கேட்டைப் பார்த்து ஓடவில்லை. பின்வாசல் படியேறி என் சமையலறைக்குள் வந்தான்.

"அண்ணி, வெளிய வாங்க. எலி ஓடுது."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசினேன். "இரு, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்" என்றேன்.

அவன் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்? எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். மாவுக் கையோடு தரதரவென்று இழுத்தான். கல்வாழைப் பாத்தி வழியாக இழுத்துக்கொண்டு போய்ப் புல்தரை நடுவில் விட்டான். பிறகு திரும்பி உள்ளே ஓடினான். நாலு எட்டுக்கு ஒரு தடவை நிற்கிறவன், ஒரு அறை விடாமல் கதவைத் தட்டி, "அவுட், அவுட்" என்று சுரங்கத்தில் கத்துவது போலக் கத்தினான். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். துண்டோடு வந்த ஆள் ஒருவர், முகத்தில் சோப்போடு ஒருவர். இசபெல்லா அம்மா ஜபமாலையோடு எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து நின்றார். மோசஸ்தான் கடைசியில் வந்தான்.

நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை.

சற்று நேரத்தில் வளையிலிருந்து ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது. வாயில் பெருச்சாளிக் குட்டி. எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலியோரமாக அது பாட்டுக்குப் போனது.

துண்டோடு இருந்தவர் முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பைத்தியக்காரனை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள், பண்டிகை நாளும் அதுவுமாக எங்களை அம்மணமாக நிறுத்திவிட்டான் என்று கன்னடத்தில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். மோசஸ் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சிரிப்பும் கேட்டிருக்காது, வசவும் கேட்டிருக்காது. இசபெல்லா அம்மா அவன் பக்கத்தில் போய், "நாளைலேர்ந்து வராத மோசஸ்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

விருந்தாளிகளுக்கு இலை போட்டுப் பரிமாறினேன். ஒப்பட்டு ஒரு பக்கம் கருகியிருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லாம் முடிந்து பின்பக்கம் போனேன். அவன் மண்வெட்டியையும் கத்திரியையும் கழுவி, துணியால் துடைத்து, சுவரோரம் சாத்திக்கொண்டிருந்தான். அடுத்த ஆளுக்காக.

"இன்னாத்துக்கு உள்ள வந்த?" என்று கேட்டேன். "வெளிய நின்னு ஒரு சத்தம் போட்டா எனக்கு காது கேக்காதா? இன்னாத்துக்கு கைய புடிச்சு இழுத்த?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கத்திரியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கூப்ட்டா வரமாட்டீங்க அண்ணி. அண்ணனும் வரல."

 படியில் உட்கார்ந்தேன்.

"கூப்ட்டியா?"

"கூப்ட்டேன். 'இரு, டப்பாவ மூடிட்டு வர்றேன்'னாரு. நான் இருக்கல." மூச்சு வாங்கினான். "கைய புடிச்சு இழுத்திருக்கலாம். எட்டுற தூரம்தான். இழுக்கல அண்ணி. அத யாருகிட்ட சொல்றது?"

பொய் சொல்கிறவன் தன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொள்வானா? டப்பாவை மூடிட்டு வர்றேன். அது அவர்தான். வேறு யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. கொக்கி சரியாக விழுந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். என் அம்மா கொடுத்த பாத்திரத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன். காலையில் நான் சொன்னது என்ன? இரு, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன். புருஷனும் பெண்டாட்டியும் நன்றாகத்தான் பொருந்தியிருந்தோம்.

அவன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. எட்டுகிற தூரம் என்று அவனே சொன்னானே, அந்தக் கையை நீட்டியிருந்தால் என் பிள்ளைகளுக்கு அப்பா இருந்திருப்பார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் அவன் அதைத் தன்னந்தனியாக அத்தனை வருஷம் தூக்கிச் சுமந்திருக்கிறான், என் டீயை வெளியே நின்று குடித்துக்கொண்டு. அதையும் நான் மறக்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு இசபெல்லா அம்மாவிடம் போனேன்.

"மோசஸ் போனா நானும் போயிடுவேன்" என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அவன் வந்தா போயிடுவேன்னு சொன்னதும் நீதான தங்கம்மா?"

"ஆமா, நான்தான். இப்ப இது."

"அவன் பண்ணதுக்கு இனிமே யாரு இங்க வருவாங்க? ஒரு பாம்புக்கு ஊரையே வெளிய நிறுத்திட்டான்."

"எலி ஓடுதுன்னான். பெங்களூர்க்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சரி. நீங்க இன்னாத்துக்கும்மா ஓடுனீங்க? எல்லாருக்கும் முன்னாடி?"

 இசபெல்லா அம்மாவின் அண்ணன் ஒருவரும் கீழே போய் மேலே வராதவர்தான். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லாத வீடு குறைவு. ஜபமாலையை நாலு மணி உருட்டினார். "வளையெல்லாம் அடைக்கச் சொல்லு" என்றார் கடைசியில். "நாளைக்கு சீக்கிரம் வரச் சொல்லு."

மறுநாள் அவனுக்கு டீயை உள்ளே வைத்துக் கொடுத்தேன். கதவருகே தயங்கினான். "உள்ள வாடா, ஆறிடப் போவுது" என்றேன். வந்து முக்காலியில் உட்கார்ந்தான். இரண்டாம் டம்ளர் கேட்கவில்லை. நானே ஊற்றினேன். வளைகளை அவன் அடைக்கவும் இல்லை, அதைப் பற்றி யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு இன்னும் கொஞ்ச காலம் இருந்தான். தோட்டம் அவன் மூச்சைவிட வேகமாக வளர்ந்தது. பிற்பாடு வாளியை என் மகன் பவன் தூக்குவான், இவன் குவளையால் மொண்டு ஊற்றுவான். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தக் கொடியை வெட்டலாம், எதில் இன்னும் கூடு இருக்கிறது என்று கையைக் காட்டுவான். இரண்டாயிரம் மாசியில் படுத்துவிட்டான்.

பார்க்கப் போனேன். புஷ்பவல்லி தலைமாட்டில் உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து, "தேன்சிட்டு வந்துடுச்சா?" என்றான். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. "வந்துடுச்சு, அதே ஒயருதான், பல்ப கழட்டி வச்சிட்டேன்" என்றேன். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான் இருந்தது. "இருடா மோசஸ்" என்றேன். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. கையை நான் விடவில்லை. அவன்தான் இருக்கவில்லை.

கல்லறைக்குப் போய்விட்டு வந்த மறுநாள் விடுதியில் ஆட்கள் இருந்தார்கள், சமைத்துத்தான் ஆக வேண்டும். மதியம் என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், ஒரு கை எடுத்துக் கல்வாழை இலையில் வைத்து, புங்கமரத்தடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பூ கொட்டிக் கிடந்தது. வளை வாயில் இலையை வைத்தேன். அடுப்பை அணைக்கவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது பாட்டுக்கு எரியட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.